கட்டைவிரலில் மூளை

மந்தாரக்குப்பம் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணத்துக்கும் வராத கூட்டம். மனித மனத்தைப் பற்றி ஆறு நூல்கள் எழுதிய ‘சிந்தனைச் செம்மல்’ விஜயராஜ் வந்திருந்தார். ஆறுக்கும் அட்டைதான் வேறு, சரக்கு ஒன்றே: பிள்ளைகளின் மூளை கட்டைவிரல் ரேகையில் எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஜோசியம் என்றால் முகம் சுளிக்கிற சுரங்கக் குவார்ட்டர்ஸ் குடும்பங்களும் வந்திருந்தன. இது ஜோசியம் இல்லையே. புரொஜெக்டர் இருந்தது.

மேடையில் அவரோடு உரையாட வேண்டியவள் சத்யப்பிரியா. வாசகர் வட்டத்துக்காக மாதம் ஓர் எழுத்தாளரைப் பேட்டி காண்பவள். இவருடைய நூல்களைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முந்தின நாள் பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் வந்து நின்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“தேவயானிய கணக்கு குரூப்புலேர்ந்து மாத்திடப் போறேன் சத்யா. செம்மலோட ஆளுங்க வீடு வீடா வந்து ரேகை வாங்கிகினு போனாங்கல்ல? அவ மூளையில கணக்கு ஓடாதுன்னு எழுதிக் குடுத்துட்டாரு.”

“பத்தாவதுல கணக்குல முதல் மார்க் வாங்குன பொண்ணாச்சேக்கா.”

“அது மார்க்கு. இது மூளை. அத்தினி புக்கு எழுதனவரு பொய் சொல்வாரா?”

பின்னால் நின்ற தேவயானியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

அவர்கள் போனதும் சத்யப்பிரியா, செம்மலின் ஆட்கள் தன் வீட்டிலும் விட்டுப்போயிருந்த ரேகை அட்டை ஒன்றை எடுத்தாள். நைட் ஷிஃப்ட் முடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவன் சுதாகரின் கால் கட்டைவிரலில் மை தடவி, அட்டையில் ஒற்றினாள். பெயர் கார்முகில், வயது ஒன்பது என்று எழுதினாள்.

“இன்னா பண்ற?” என்று அவன் காலை இழுத்துக்கொண்டான்.

“பேட்டிக்குத் தயார் பண்ணிகினு இருக்கேன். தூங்குங்க.”

மேடையில் அந்த அட்டையை நீட்டினாள். ரேகை திரையில் பூதாகரமாக எழுந்தது. செம்மல் கண்ணை மூடித் திறந்தார்.

“அடடா. விரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது. இந்தப் பிள்ளை கலெக்டர் ஆவான். இசை ஞானமும் உண்டு.”

கூட்டம் கைதட்டியது. யார் பெற்ற பிள்ளையோ என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உறுதியாத்தான் சொல்றீங்களா?”

“ரேகை பொய் சொல்லாதும்மா.”

“அப்ப பிள்ளையக் கூப்பிடறேன்.”

சுதாகர் மேடையேறிச் செருப்பைக் கழற்றினான். எல்லோரும் பார்க்க இன்னோர் அட்டையில் கால் விரலை ஒற்றினான். திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே ரேகை.

“நாப்பது வயசாச்சுங்க,” என்றான் பணிவாக. “மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு. கலெக்டர் வேலை அப்பறம் வரட்டும், மொதல்ல பர்மனென்ட் ஆவேனான்னு பாத்துச் சொல்லுங்க.”

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. செம்மல் தண்ணீர் குடித்தார். “காலுக்கும் மூளைக்கும்கூட நரம்புத் தொடர்பு…” என்று இழுத்தார்.

பட்டம்மாள் எழுந்தாள். “காலு எது, கையி எதுன்னு தெரியாத நீதான் எம் பொண்ணுக்குக் கணக்கு வராதுன்னு எழுதுனியா?”

செம்மல் சமையல்கட்டு வழியாக வெளியேறினார். தேவயானி மறுநாள் கணக்கு வகுப்புக்கே போனாள்.

அத்தோடு முடிந்ததென்று நினைப்பவர்கள் நம் மக்களைத் தெரியாதவர்கள். கூட்டம் கலையும்போது ஒருவர் சத்யப்பிரியாவிடம் வந்து, ரகசியமாகக் கேட்டார்: “ஏம்மா, கால் ரேகை பாக்கறவரு வேற யாராச்சும் இருக்காரா?”

“கையப் பாத்தாச்சு, காலயும் பாத்தாச்சு,” என்றாள் அவள். “கழுத்துக்கு மேல ஒண்ணு சும்மாவே கெடக்குதுங்களே. அத எப்பங்க வேலைக்கு எடுக்கப் போறீங்க?”