ஆனை முட்டினாலும் அசையாத கதவு

எங்க வீட்டு வாசக்கதவு இனி ஆனை வந்து முட்டினாலும் அசையக்கூடாது! இப்படி ஒரு முடிவெடுத்தேன். எங்க வீட்ல முடிவெடுக்கிற வேலையெல்லாம் என் மனைவி ஜெஸீமாதான் பார்க்கிறது. இது ஒன்னு தப்பித்தவறி எனக்குக் கிடைச்சது.

காரணம், பக்கத்து வீட்டு முனாஸ் நானா. கள்ளன் அவர்ட பூட்டைத் தொடவே இல்ல. கதவுக்கு ஒரே உதை! நிலையில இருந்த குட்டி ஸ்க்ரூவெல்லாம் பால்பல்லு மாதிரி விழுந்திட்டு. பூட்டு மட்டும் பத்திரமா இருந்திச்சி.

நான் விடுவேனா? மூணங்குல ஸ்க்ரூ, நிலைக்கு இரும்புத் தகடு, உள்பக்கம் குறுக்க ஒரு இரும்புச் சட்டம். வீடெல்லாம் ஒரே மரத்தூள். ஜெஸீமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசல்ல. இஞ்சி போட்டு பிளேன்டி வேற தந்தா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன். லீவு வந்தா ஜெஸீமா நாலந்தாவுக்கு, அவட உம்மா வீட்டுக்குப் போகணும்னு நிப்பா. போனா மாமா, அதான் அவட வாப்பா, என் கையில சாக்கைத் தந்து, மிளகு பறிக்க ஏணியில ஏத்திடுவாரு. முசுறு எறும்பு கடிச்சே நான் பாதியாகிடுவேன். "வீட்டைப் போட்டுட்டு எப்படிப் போறது? கள்ளன் வருவானே!" இவ்வளவு காலமும் இதைச் சொல்லித்தான் தப்பிச்சேன்.

வேலை முடிஞ்சது. ஜெஸீமாவை உள்ள நிக்க வெச்சி, சட்டத்தைப் போடச் சொன்னேன். முனாஸ் நானா பார்த்துக்கிட்டிருக்க, வெளியே நின்னு உதைச்சேன். இடிச்சேன். என் தோள்தான் வீங்கிச்சி.

"மாஷா அல்லாஹ், இத்ரூஸ்!"ன்னாரு நானா.

"ஒரு மாசம் போட்டுட்டுப் போனாலும் ஒன்னும் ஆகாது நானா!"

உள்ளயிருந்து ஜெஸீமாட குரல். "நானா, இவரு சொன்னதைக் கேட்டீங்கதானே?"

"நல்லாக் கேட்டேன் தங்கச்சி."

"அப்ப நாளைக்கு நாலந்தாவுக்குப் போறோம்."

"முதல்ல கதவைத் தொறங்க புள்ள."

"போறோம்னு சொல்லுங்க, தொறக்கிறேன்."

நானும் விடல்ல. "அந்தச் சட்டத்தை உள்ளயிருந்துதானே போடலாம்? ஒரு ஆள் உள்ளுக்கு இருந்தே ஆகணும். நான் இருக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க."

ஜெயிச்சிட்டேன்னு நானாவைப் பார்த்துச் சிரிச்சேன்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றா. "ஆளில்லாம சரிவராது. வாப்பாவுக்கும் முழங்கால் நோவு, ஏணி ஏற ஏலாதாம். அவரு இஞ்ச வந்து உள்ளுக்கு இருக்கட்டும். நாம போய் மிளகு பறிப்போம்."

இதையெல்லாம் நாலந்தாவில, ஏணி மேல நின்னுதான் சொல்றேன். மாமிட கோழிக்கறியைக் குறை சொல்ல ஏலாது, அல்ஹம்துலில்லாஹ். இப்பதான் மாமா எங்க வீட்லயிருந்து போன் எடுத்தாரு.

"மருமகன், கதவு நல்ல பலம். வீட்டைப் பத்திக் கவலையே படாம, எல்லாக் கொடியையும் முடிச்சிட்டு வாங்க."