செஞ்சி மேட்டில் மாப்பிள்ளை பார்த்த விவரம்

சேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை,
புதுச்சேரி-4.
செவ்வாய்க்கிழமை.

பிரான்சு தேசத்தில் மூன்று கம்பளிக்குள் ஒடுங்கியிருக்கும் மதிப்புக்குரிய மச்சான் ரெக்ஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரூபியோடு முப்பது வருடமாகத் தாக்குப்பிடித்து வரும் தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்புக்குக் கீழே உள்ள பாகம் தவிர. தங்கள் வீட்டிலும் அப்படியே எல்லோரும் முழு சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். வாட்ஸாப்பில் எழுதாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம், என் போனை இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் படிக்கிறார்கள்.

"என் மருமகளைக் கேட்கிற பையனை நேரில் பார்த்து எழுதுங்கள், நீங்கள் வேண்டாம் என்றால் நானே மெரினிடம் வேண்டாம் என்று சொல்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். பெரிய உபகாரம். அப்பன் சொன்னால் அவள் பத்து எதிர்க்கேள்வி கேட்பாள், தாய்மாமன் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். பையன் பெயர் கலைவாணன். செஞ்சிக்கு அந்தப் பக்கம் மணிலாக்கொட்டை போடுகிற குடும்பம். காலாப்பட்டு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வேதம் வேறே என்பதைப் பங்குச்சாமியாரிடம் பேசிக்கொள்ளலாம், அது எனக்குப் பெரிதில்லை. இவன் ஞாயிற்றுக்கிழமை செய்கிற வேலைதான் எனக்கு ஆகவில்லை. மலைப்பக்கத்துக் கிராமங்களில் சைக்கிள் ஓட்ட வழி கண்டுபிடிக்கிறானாம். கண்டுபிடித்து, போனில் கோடு போட்டு, நாற்பது பேருக்கு அனுப்புகிறானாம். அந்தச் சாலையில் காலையும் மாலையும் டவுன் பஸ் போகிறது மச்சான், அதில் இவன் எதைக் கண்டுபிடித்தான்? அவனுடைய கூட்டத்தோடு சைக்கிள் ஓட்டுவதற்காகவே நம்ம மெரின் இரண்டு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறு பூசையைப் பார்த்துவிடுகிறாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் முப்பத்திரண்டு வருடம் சாலை ஓவர்சியராக இருந்தவன். சாலை போடுகிறவனுக்கு முதல் பாடமே, மேடு வந்தால் சுற்றிக்கொண்டு போ என்பது. அரசாங்கம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தது. இவர்களோ சுற்றிப் போகிற நல்ல சாலையை விட்டுவிட்டு மேடு எங்கே என்று தேடிப் போகிறார்கள், போய் மூச்சு வாங்குகிறார்கள், மூச்சு வாங்கியதைப் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். இதை வீட்டில் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது போல, "பாகூர் ஏரிக்கரை முழுக்க சைக்கிளிலேயே சுற்றி வேலை பார்த்தவன் நான், உங்க செஞ்சி மேடெல்லாம் எனக்கு எம்மாத்திரம்" என்றும் சொல்லிவிட்டேன். மெரின் உடனே, "அப்ப ஞாயித்துக்கிழம வாங்கப்பா, அப்படியே அவங்க வூட்டையும் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். நம்ம ஊரில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ரயில்வே மேம்பாலம். மூன்று நாள் காலையில் அதில் ஏறி இறங்கிவிட்டு நானும் மலைக்குத் தயார் என்று நம்பினேன். கிளம்புவதற்கு முன்னால் ரூபியிடம் ஒரு நிபந்தனையும் சொல்லி வைத்தேன்: வழியில் ஒரே ஒரு தடவை என்னை விட்டுவிட்டு அந்தப் பையன் முன்னால் போனாலும் சரி, வயதுக்கு மரியாதை தெரியாதவன், சம்பந்தம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளையெல்லாம் ஒரு மினி லாரியில் ஏற்றினார்கள். சைக்கிள் ஓட்டப் போகிறவன் சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற கூத்தை உங்கள் பிரான்சிலாவது பார்த்திருக்கிறீர்களா? செஞ்சி வந்ததும் கலைவாணன் ஒன்றை இறக்கி என் கையில் கொடுத்தான். ஏழு கிலோ கூட இல்லை. ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. இவ்வளவும் இல்லாததற்குத்தான் லட்ச ரூபாய். உட்காருகிற இடமோ வாளைக் கருவாடு மாதிரி ஒல்லியாக இருக்கிறது. அதற்கு ஈடுகட்ட இவர்கள் போடுகிற நிஜாரில், குழந்தைக்கு வைத்துக் கட்டுவது போலப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தை வைத்துத் தைத்திருக்கிறார்கள். எனக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தான். நான் போன ஈஸ்டருக்குத் தைத்த பேண்ட்டோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். என் பையையும் லாரியிலேயே வைக்கச் சொன்னான். குடை, மழைக்கோட்டு, ரூபி கட்டிக் கொடுத்த ரொட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் இதையெல்லாம் நம்பி அவனிடம் கொடுப்பேனா? முதுகிலேயே மாட்டிக்கொண்டேன். நிர்மலா என்று ஒரு பெண், அவள் பங்குக்கு சைக்கிள் முன்னால் ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கடைசியில் வந்தாள்.

முதல் ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு கிராமத்தில் சாலை முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். சாலையில் தானியம் காயப்போடக் கூடாது என்று முப்பத்திரண்டு வருடம் நான் ஊர் ஊராகச் சண்டை போட்டவன். அந்தப் பாவமோ என்னவோ, அந்த விரல் தடிமன் சக்கரம் வழுக்கி, உளுந்துக்குள் குப்புற விழுந்தேன். உளுந்துக்காரம்மா துடைப்பத்தோடு வந்து, "ஏன்யா, லாரி ஏறுனா உளுந்து உதிரும். நீ ஏறி இன்னா உதிந்துச்சி, உம் பல்லா?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள், மெரினும்தான். அந்தப் பையன் மட்டும் சிரிக்காமல் என் சட்டையிலிருந்து உளுந்தைப் பொறுக்கி அந்தம்மாவிடம் கொடுத்தான். வாத்தியார் புத்தி, எண்ணிக் கொடுத்தாலும் கொடுத்திருப்பான்.

பிறகு வந்ததுதான் மேடு. "மாமா, இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டரு, ஏழு பர்சென்ட்டு" என்கிறான். சரிவுக் கணக்கை எனக்கே சொல்கிறான். இரண்டு பக்கமும் பாறை, நடுவில் சாலை, எதிரில் வந்த ஆடுகள் கூட நின்று பார்த்தன. மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், நான் இறங்கவில்லை. அறுபத்து மூன்று வயதில், இரண்டு கிலோமீட்டரும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல், ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஏறினேன். முதல் திருப்பத்தில் உயிர் போகிற மாதிரி இருந்தது, அதற்குப் பிறகு மாதா கைகொடுத்தாள், முதுகிலிருந்த பை கூடப் பாரமாகத் தெரியவில்லை. அந்தப் பையன் எங்கே என்று பாதியில் திரும்பிப் பார்த்தேன். முழுக்கத் திரும்பினால் விழுந்துவிடுவேன் என்பதால் கால்வாசிதான் திரும்பினேன். எனக்குப் பின்னால், முகம் சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வருகிறான்! இரண்டு கையாலும் பிடிக்கக்கூடத் தெம்பில்லை, ஒற்றைக் கையால் ஓட்டுகிறான்! உச்சியில் நான் முதலில் நின்றேன். அவன் வந்து சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான், வலது கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டான். முப்பது வயது!

மேடு தாண்டியதும் அவன் வீடு. அவன் அப்பா சாமிக்கண்ணு நல்ல மனுஷன். கோழி அடித்து வைத்திருந்தார். "காலேஜு வரிக்கும் சைக்கிள மெதிச்சிப் போனான்னு கஷ்டப்பட்டு பைக்கு வாங்கிக் குடுத்தேன் சார். இப்ப பைக்க வூட்ல நிறுத்திட்டுத் திருப்பியும் சைக்கிள்ள வறான். நீங்களாச்சும் கேளுங்க" என்று என்னிடமே முறையிட்டார். அந்த வீட்டில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். நிபந்தனைப்படி அவன் என்னை விட்டு முன்னால் போகவில்லை என்பது வாஸ்தவம். போக முடிந்தால்தானே போவான்? பென்ஷன் வாங்குகிற கிழவனோடு ஒரு மேடு ஏற முடியாதவன், நாளைக்குக் குடும்பம் என்கிற மேட்டை எப்படி ஏறுவான்? நம்ம பெண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்தால் பக்கத்தில் நிற்க இவனுக்குத் துப்பு உண்டா? தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டதும் மெரினுக்குப் போன் போட்டு, மாமனுக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தங்களுக்கும் தங்கள் வீட்டு எல்லோருக்கும் மாதாவின் ஆசீர் என்றும் நிலைக்கட்டும். ரூபி உங்களுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்குத் தங்கள் பிரியமுள்ள,
தனிஸ்லாஸ்

பி.கு.: மச்சான், கவரை ஒட்டப் போகும்போது மெரின் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். நிர்மலாவின் கேமராவில் பதிந்த படம். அதில் என் முதுகு தெரிகிறது, பை தெரிகிறது, பையின் மேல் ஒரு கை தெரிகிறது. முதல் திருப்பத்தில் வைத்த கையை அவன் உச்சிக்குப் பத்தடி முன்னால்தான் எடுத்தான். எடுத்து, நான் முதலில் போய்ச் சேரட்டும் என்று பிரேக் பிடித்து நின்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனுக்கே போன் போட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கதான் மாமா மெதிச்சீங்க, நான் சும்மா கை வெச்சிருந்தேன்" என்கிறான். இரண்டு நாளாக மேம்பாலம் முதல் மீன் மார்க்கெட் வரைக்கும் நான் அளந்ததை எல்லாம் மெரின் சொல்லக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறான்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டு வேறு எழுதப் போனேன். ரூபி பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். "முன்னால போனா மரியாத இல்ல, பின்னால வந்தா துப்பு இல்ல, அப்ப அந்தப் புள்ள எங்கதான் போவும்? எழுதுனது எழுதுனபடியே போவட்டும், எங்க அண்ணன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் இது உங்கள் கைக்கு வருகிறது. மெரினுக்கு உடனே போன் போட்டு, மாமனுக்குச் சம்மதம் என்று சொல்லுங்கள். தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கலாம். நீங்கள் வராமல் கல்யாணம் நடக்காது, இப்போதே டிக்கெட் எடுத்துவிடுங்கள். வரும்போது எனக்குப் பஞ்சு வைத்துத் தைத்த அந்த நிஜார் ஒன்று, இடுப்பு நாற்பது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறான்.