எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கேக்

செத்துப்போன ஒரு மனிதருக்கு நீடிய ஆயுள் கேட்டு நான் ஜெபித்திருக்கிறேன். பட்டப்பகலில், சுயநினைவோடு, கையில் கேக் டப்பாவோடு. போதகர் வேலையில் இப்படி ஒரு சாதனையை வேறு யாரும் செய்ததாகத் தெரியவில்லை.

குருப்பட்டம் பெற்ற கையோடு என்னை ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் அந்தச் சபை ஐந்து மாதம் போதகர் இல்லாமல் கிடந்தது. முதல் நாளே சபைச் செயலர் ஜேக்கப் அண்ணன் ஒரு கவலையைச் சொன்னார்.

“தலைச்சோலை ஸ்டெல்லாம்மா கோயிலுக்கு வந்து நாலு மாசமாச்சுங்க. ஆரு கூப்புட்டாலும் வரமாட்டேங்கறாங்க. நீங்க ஒருக்கா…”

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கையை உயர்த்தி நிறுத்தினேன். ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம். (வீடு சந்திப்புப் பாடத்தில் நான் வகுப்பில் முதல் மாணவன். அந்தத் திமிர் விடுமா?) அந்த அம்மாவைத் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டால் சபையே என்னை நம்பும், தோற்றால் சின்னப் பையன் என்று ஒதுக்கிவிடும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

பீரோவில் பழைய போதகரின் பிறந்தநாள் நோட்டு இருந்தது. பிரித்தால், ஸ்டெல்லாம்மாவின் கணவர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சாமுவேலுக்கு அந்த வாரம் வியாழக்கிழமை எழுபது வயது. கர்த்தரே வழிகாட்டுகிறார் என்று புல்லரித்தது. நோட்டுக்கு அடியில் அடக்கப் பதிவேடு இருந்தது. அதை நான் திறக்கவில்லை.

ஒண்டிக்கடை முக்கு பேக்கரியில் கேக்கில் எழுதப் பெயர் சொன்னேன்.

“நம்ம ரைட்டருக்குங்களா?” கடைக்காரர் பாயின் கை நின்றது. என்னை ஒரு தடவை, என் வெள்ளை அங்கியை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டபடியே எழுதிக் கொடுத்தார். (“உங்க கோயில் வழக்கமாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க” என்று பிற்பாடு சொன்னார்.)

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்கே பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. ஸ்கூட்டர் விளக்கில் என் கையே சரியாகத் தெரியவில்லை. வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டக் கை ஓங்கினேன். தட்டும் முன்பே கதவு திறந்தது.

“அண்ணன் இருக்காருங்களாம்மா? பிறந்தநாளாச்சே!”

ஸ்டெல்லாம்மா என்னையும் கேக் டப்பாவையும் பார்த்தார்.

“இருக்காருங்க. உள்ள வாங்கய்யா.”

கரண்ட் இல்லை. பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருந்தது. பிரம்பு நாற்காலியின் முதுகில் இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் மூக்குக் கண்ணாடி. அந்த அம்மா மூன்று தம்ளர் காபி கொண்டுவந்தார். மூன்றாவதை நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

“இது அவருக்குங்க. சக்கரை போடாதது.”

கொல்லையில் யாரோ விறகு அடுக்கும் சத்தம் கேட்டது. சீராக, ஒவ்வொரு கட்டையாக.

“அண்ணே, மெதுவா வாங்க, அவசரமில்ல!” என்று கத்தினேன்.

சத்தம் சட்டென்று நின்றது. யாரும் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, காலி நாற்காலியை நோக்கியே ஜெபத்தை ஆரம்பித்தேன். அவருக்கு ஆயுசைக் கூட்டித் தரச் சொன்னேன். முட்டிக்குப் பலம் கேட்டேன். அடுத்த வருஷமும் இதே நாற்காலியில் உட்கார வையும் ஆண்டவரே என்று உருகினேன்.

ஆமென் சொன்னதும் கரண்ட் வந்தது. நாற்காலிக்கு மேலே ஒரு சின்ன சிவப்பு பல்பு எரிந்தது. அதன் மேல் மாலை போட்ட படம். படத்தின் கீழே இரண்டு தேதிகள். பிறந்த தேதி நோட்டில் இருந்தது போலவே சரியாக இருந்தது.

“அப்ப கொல்லையில விறகு…?” என்று கேட்டேன்.

“கொல்லையில ஆரும் இல்லீங்களே.”

“மன்னிச்சிருங்கம்மா, எனக்குத் தெரியாது” என்று அழுதேவிட்டேன். அந்த அம்மாவும் அழுதார். ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தார்.

“அடக்கம் பண்ணதுலருந்து அவரு பேர ஒருத்தரும் சொல்றதில்ல கண்ணு. நான் அழுதுருவேனாம். கோயிலுக்கு வந்தா பேச்சையே மாத்தறாங்க. அதான் வாரதில்ல. நீ வந்து ‘இருக்காரா’ன்னு கேட்டியா, இல்லைன்னு சொல்ல வாய் வரல. கேக்க வெட்டு சாமி. உசுரோட இருந்திருந்தா சக்கரைக்குப் பயந்து குடுத்திருக்க மாட்டேன்.”

வெட்டினேன். சாமுவேல் ரைட்டரைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டேன். நான் செய்த முதல் உருப்படியான வீடு சந்திப்பு அதுதான். கிளம்பும்போது பார்த்தேன், மூன்றாவது தம்ளர் காலி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாம்மா கோயிலுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பிறந்தநாள் பட்டியலில் கணவர் பெயரையும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஜேக்கப் அண்ணனுக்குப் பாட்டுப் புத்தகம் கைதவறி விழுந்தது. அன்றிலிருந்து, அங்கேயும் பிறகு மாற்றலாகிப் போன சபைகளிலும், இறந்தவர்களின் பிறந்தநாளுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். தெரிந்தே போகிறேன்.

இப்போதும் நான் வீடு சந்திப்புக்குக் கிளம்பினால் என் மனைவி வாசலில் நின்று, “ஆள் இருக்காரான்னு பார்த்துட்டீங்களா?” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தத் தம்ளர் பேச்சு வந்தால், “பதட்டத்துல நீங்கதான் எடுத்துக் குடிச்சிருப்பீங்க” என்று முடித்துவிடுவாள். நானும் தலையாட்டிவிடுவேன்.

ஆனால் சர்க்கரை இல்லாத காபி என் தொண்டையில் இறங்கியதே கிடையாது. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் என் நாக்கில் இனிப்புதான் இருந்தது.