போச்சு சாரும் இரவல் பிள்ளைகளும்

நம்பிக்கை என்கிற சரக்கு துளிக்கூடக் கைவசம் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திக் காட்டிய மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் போச்சு சார். காலையில் மணி அடிக்கும்போதே, "போச்சு, இன்னிக்கும் விடிஞ்சிருச்சு" என்பார். சாக்பீஸ் உடைந்தால் போச்சு. உடையாவிட்டால், "இப்ப உடையப் போவுது பாருங்க தம்பி" என்று என்னைப் பார்ப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கீழப்பழுவூரிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே தள்ளி இருந்தது அந்தச் சிற்றூர். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஒரே கீற்றுக் கொட்டகை. அவர் தலைமையாசிரியர், நான் உதவியாசிரியர், அவ்வளவுதான் எங்கள் படை. சார் தனிக்கட்டை. கொட்டகையின் ஒரு மூலையிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். குழந்தை மனம் மென்மையானது, அதைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்று டிரெயினிங்கில் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நானும் பேசவிட்டேன்.

சுகாதாரப் பாடம் நடத்தும்போது, தினமும் குளிக்க வேண்டும் என்றேன். ஒரு பொடியன் எழுந்தான். "ஏரியில இருக்கற தண்ணி மாட்டுக்கே பத்தல சார். மாடு குளிச்சா பால் கறக்கும். நான் குளிச்சு என்னத்தக் கறக்கப் போறேன்?"

பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய் என்று இன்னொருவனைக் கேட்டேன். "அரியலூர் ரேஷன் கடையில மொத ஆளா நிப்பேன் சார்" என்றான். வேறு ஆசையே இல்லையா என்றால், "ரெண்டாவது ஆளா நின்னாக்கூடப் போதும் சார்" என்று இறங்கி வந்தான்.

சார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போச்சு. இதுங்க வாயத் தொறந்தா நமக்கு வேலை போச்சு தம்பி. ஏன் தொறக்க வைக்கிறீங்க?"

பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவதும் எங்கள் வேலைதான். ஒரு வீட்டு வாசலில் சார் போய் நின்று, "அப்பா எங்கடா?" என்றார்.

"வக்கப்போருக்குப் பின்னால குந்தியிருக்காரு சார். கடன்காரங்க வந்தாக்கூட நின்னு பதில் சொல்லுவாரு. ஒங்களப் பாத்தாதான் ஓடிடறாரு."

வைக்கோற்போர் லேசாக இருமியது. சார் திரும்பி நடந்தார்.

இப்படி இருக்கையில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. வந்ததோ கடலை பிடுங்குகிற சமயம். பிடுங்கிய செடியிலிருந்து கடலையை ஆய ஊரிலிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் கடலைக்கொல்லைக்குப் போய்விடுவார்கள். கொட்டகையில் நாங்கள் இருவரும் இரண்டு கரும்பலகைகளும்தான் மிச்சம். ஏற்கெனவே ஒரு முறை எச்சரிக்கை வந்தாகிவிட்டது. இந்தத் தடவையும் தலை குறைந்தால் அங்கீகாரம் ரத்து.

"பள்ளிக்கூடம் போச்சுன்னா பசங்களாவது பழுவூருக்கு நடப்பானுங்க. பொட்டப் புள்ளைங்கள யாரு அனுப்புவாங்க தம்பி? அதுங்க படிப்பு அத்தோட சரி" என்றார் சார். அன்று அவர் சோறு வடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பிள்ளைகள் குறைந்தால் பக்கத்து ஊரிலிருந்து இரவல் வாங்கிக்கொள்வார்கள். உரல் உலக்கை வாங்குவதில்லையா, அதுபோலத்தான். சாரும் வாங்கி வந்தார். வராத பிள்ளைகளின் பெயர்களை வந்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, பொழுது சாயும்வரை உருப்போட வைத்தார். ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்து ஊரை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்.

மறுநாள் கோட்டும் தலைப்பாகையுமாக இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்து, "செல்லம்மா" என்று கூப்பிட்டார்.

இரவல் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "உள்ளேன் ஐயா. செல்லம்மா கடலை ஆயப் போயிருக்கு. அது பேருக்கு நான் வந்திருக்கேன்."

"நீ எந்த ஊரும்மா?"

"என்ன சார் மறந்துட்டீங்க? முந்தாநாத்து எங்க ஊர்ல ஏழாம் வாய்ப்பாடு சொன்னேனே. நல்லாருக்குன்னு சொன்னீங்களே!"

இன்ஸ்பெக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கவலையோடு கேட்டான்: "சார், நான் யாரு சார்?"

போச்சு சார் கொட்டகையின் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் விட்டிருந்தால் கொட்டகை நின்றிருக்கும், அவர் விழுந்திருப்பார்.

"உங்க பிள்ளைங்க எங்க ஐயா?" என்று கேட்டபடி இன்ஸ்பெக்டர் எழுந்தார். கடலைக்கொல்லைக்கு நடந்தோம். தூரத்தில் சாரின் குடையைக் கண்டதுமே எங்கள் மாணவமணிகள் அத்தனை பேரும் பக்கத்துச் சோளக்கொல்லைக்குள் பாய்ந்து மறைந்தார்கள். இடுப்பில் தம்பிப் பாப்பா இருந்ததால் ஓட முடியாமல் அகப்பட்டவள் அசல் செல்லம்மா ஒருத்திதான்.

"எதுக்கம்மா ஓடறீங்க? வாத்தியார் அடிப்பாரா?"

"அடிச்சாப் பரவால்லீங்க. அழுவாரு. வரப்புல நின்னுகிட்டு வாங்கடா, வாங்கடான்னு அழுவாரு. எங்களுக்கும் அழுவ வந்துருது. அழுதுகிட்டே ஆஞ்சா கடலை கொறையுதுன்னு எங்காத்தா அடிக்குது."

சார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இப்படி வராம இருந்தா பள்ளிக்கூடத்த மூடிடுவோம், தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

செல்லம்மா பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள். "மூடறதுன்னா மூடிக்குங்க. கொட்டாயி ஒழுவுது, அது எங்களுக்கு வாணாம். சார மட்டும் எங்களுக்கு வுட்டுட்டுப் போங்க. கடலை ஆஞ்சிட்டு வந்து படிச்சிக்கிறோம்."

இன்ஸ்பெக்டர் வண்டியேறினார். அவருக்கும் மேலே ஆபீஸ் இருந்தது. அந்த மாதமே அங்கீகாரம் ரத்தானது. நான் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சாரைத் திருச்சியிலிருந்து தம்பி வீட்டில் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் கொல்லைமேட்டில் குடையை விரித்து வைத்து, கடலை மண் அப்பிய கைகளுக்கு 'அ' எழுதப் பழக்கிக்கொண்டிருந்தார். வயிற்றுப்பாட்டை அந்த வீடுகள் பார்த்துக்கொண்டன.

பிறகு எத்தனையோ தலைமையாசிரியர்களிடம் வேலை பார்த்தேன். எல்லாரும் கெட்டிக்காரர்கள். கடைசியில் நானே தலைமையாசிரியராகி ஓய்வும் பெற்றேன். ஆனாலும் அந்த அழுமூஞ்சி மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது. எங்களில் ஒருவரையும் தங்களுக்கு விட்டுவிட்டுப் போகச் சொல்லி எந்தப் பிள்ளையும் யாரிடமும் கேட்டதில்லை.