துக்கப் பந்தலில் நிமிர்ந்து நின்ற மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மச்சான் ரவூஃப் அவர்களுக்கு, கெய்ரோ ஷுப்ராவிலிருந்து தங்கள் தங்கை கணவன் மஹ்ரூஸ் சலாம் சொல்லி எழுதுவது. தங்களுக்கும் தங்கள் ரத்தக் கொதிப்புக்கும் நலம் உண்டாகட்டும். இங்கே நான் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

மாமனார் துக்கத்தில் நான் செய்த குற்றம் என்ன? நிமிர்ந்து நின்றேன். கல்யாணமான நாள் முதல் அவர் துணிக்கடையில் குனிந்து துணி அளந்து, குனிந்து திட்டு வாங்கி, என் தோள் இரண்டும் முன்னால் வந்து ஒன்றையொன்று குசலம் விசாரித்துக்கொண்டிருந்தன. "டேய் கூனா, மேல்தட்டுல கை வைக்காதே, அது மனுஷங்களுக்கு" என்று வாடிக்கையாளர் முன்னால் சொல்லிச் சிரிப்பீர்களே, மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. கழுத்துவலி பொறுக்காமல் டாக்டரிடம் போக, அவர் யோகாவுக்குத் தள்ளிவிட, நிவீன் என்கிற டீச்சர் என்னைச் சுவரோடு நிறுத்தி, "குதிகால், முதுகு, பின்தலை மூணும் சுவத்துல படணும் மாமா" என்றாள். என் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகத் தூங்கலாம். குப்புறப்படுத்து நெஞ்சைத் தூக்கும் பாம்பு ஆசனத்தில் மண்புழுவாகக் கிடந்தேன். விடவில்லை. ஒருநாள் சட்டைப் பொத்தான் போடமுடியாமல் இறுகியது. எனக்கும் நெஞ்சு என்று ஒன்று இருந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து மாமனார் காலமானார். பந்தல் வாசலில் வீட்டு ஆண்கள் வரிசையாக நின்று கை கொடுத்தோம். நீங்கள் முதலில், நான் கடைசியில். மத்தியானம் எழுந்து கடைக்கு வருகிற உங்கள் முகம், நமக்குத் துணி அனுப்பும் மஹல்லா ஊர் மில் முதலாளிகளுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து நிற்கிறவன்தான் மூத்த மகன் என்று நினைத்து நேரே என்னிடம் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுத் துக்கம் கேட்டு, "மிச்ச ஆயுசு உங்களுக்கு இருக்கட்டும், இனிமே கடை உங்க பொறுப்புதானே?" என்றார்கள். குர்ஆன் ஓதும்போது நான் வாதாடவா முடியும்? துக்கத்தில் குனிந்திருந்த உங்கள் கையில் ஒருவர் குடித்து முடித்த காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கொடுத்தது நானா மச்சான்?

"முதலாளி மாதிரி நிக்கிறியா? குனிடா!" என்று கத்தினீர்கள். குனிந்தேன். மறுநாளே உங்கள் தங்கை இன்ஷிரா என்னை விட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மாமனாரின் நாற்பதாம் நாள் துக்கத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் அனுப்புவோம் என்று சொல்லியனுப்பினீர்கள். கேட்கிறேன். கண்ணாடி முன்னால் பழைய கூனைப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் ஒரு டீச்சர் வேண்டும் போலிருக்கிறது. அவளை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

பெரியவருக்குச் சொர்க்கமும், தங்களுக்குப் பொறுமையும் வேண்டும்,
மஹ்ரூஸ்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்ஷிரா தன் துணிகளை எடுக்க வந்தாள். கடிதத்தைப் படித்தாள். "நீங்க நிமிர்ந்து நின்னதுக்கா நான் போனேன்? அண்ணன் ஒரு வார்த்தை கத்தினதும் ஊர் முன்னாடி குனிஞ்சீங்களே, அதைப் பார்க்கச் சகிக்காமத்தான் போனேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு எதுவும் செல்லாது. நாற்பதாம் நாள் வருவேன், அவளைக் கூப்பிட. வரிசையில் எங்கே நிறுத்தினாலும் நிமிர்ந்துதான் நிற்பேன். அதற்கப்புறமும் அவள் என்னோடு வருவாளா என்று தெரியவில்லை.