ஈசிஜி மாமாவுக்கு ஒன்றுமில்லை

கொல்கத்தாவில் இருக்கும் நோய்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தால், ஈசிஜி மாமாவுக்கு வராத நோய் என்று அதில் ஒன்றுகூடத் தேறாது.

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கிறார். பேங்கில் பெரிய ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. பேப்பரில் எந்த வியாதியைப் பற்றிப் படித்தாலும், பேப்பரை மடிப்பதற்குள் அது அவருக்கு வந்துவிடும். எதிர்வீட்டு மருமகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கேள்விப்பட்டதும், தானும் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ஆனால் அவர் உயிரையே வைத்திருந்தது ஹார்ட் மேல்தான். ஈசிஜி சுத்தமாக வந்தால் லேப் சரியில்லை என்பார். கோடு கொஞ்சம் கோணியிருந்தால் போதும், அந்த லேபைப் போல உண்டா என்று தெருவெல்லாம் சிபாரிசு செய்வார்.

கீழ்வீட்டு பெங்காலிக்காரரைத் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்; அவர் இதற்கு நேர் எதிர். எல்லா பெங்காலிகளையும் போல அவருக்கும் உலகத்தில் ஒரே வியாதிதான்: கேஸ், அதாவது வாயு. தலைவலி, முழங்கால் வலி, பெண்ணுக்கு வரன் அமையாதது எல்லாமே கேஸ்தான். மாமா நெஞ்சைப் பிடித்தால் தாதா ஓமத்திரவ பாட்டிலோடு ஆஜராவார். மாமா ரோஷப்பட்டு ஈசிஜி எடுக்கப் போய்விடுவார்.

கடைசியில் ஜாதவ்பூரில் ஒரு மனநல டாக்டர் பொறுமையாகப் பேசி, பயம் வேறு, வியாதி வேறு என்று புரிய வைத்தார். அதன் பிறகு மாமா ஒரு டெஸ்ட்டும் எடுக்கவில்லை. பிரமோஷன் வந்த மாதிரி நடந்தார்.

துர்கா பூஜை சப்தமியன்று பந்தலில் போக் என்கிற பிரசாதக் கிச்சடிக்கு வரிசையில் நின்றோம். மாமாவின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையை நீவிக்கொண்டே என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லேடா. வெறும் கேஸ்."

தாதா பூரித்துப் போனார். ஒருவழியாக மாமா பெங்காலியாகிவிட்டார் என்று அறிவித்தார். நானோ வரிசையை விட்டு விலகி மாமாவின் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக் கேட்டதே கிடையாது.

பூஜைக் கூட்டத்தில் டாக்ஸி ஏது? என் முகத்தைப் பார்த்த தாதா, பூஜை நடத்தும் கிளப் ஆட்களைக் கூவி அழைத்து, கிச்சடிக்கு அரிசி வந்த வேனிலேயே மாமாவை ஏற்றினார். ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், அங்கே மாமா பெயரில் இருந்த பழைய ஃபைலின் கனத்தைப் பார்த்ததுமே வெறும் பதற்றம் என்று முடிவு கட்டிவிட்டார். மாமாவும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் நகரவில்லை. பயந்திருந்தால் நானே வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன் டாக்டர், இவர் பயப்படவில்லை, அதுதான் கோளாறு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஈசிஜி எடுத்தார். காகிதம் வெளியே வர வர அவர் முகம் மாறியது. சரியான அடைப்பு.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மாமா முகத்தில் அப்படியொரு ஜொலிப்பு.

"ஹார்ட்டுதானாம்டா. நான் அப்பவே சொல்லலே?" என்றார், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது தெருவே பெங்காலி வழக்கப்படி மங்கலச் சங்கு ஊதி வரவேற்றது. முதல் சங்கு தாதாவுடையது.

மாமா இப்போது மகா தைரியசாலி. எப்படி இருக்கிறீர்கள் என்றால், ஒண்ணுமில்லேடா என்கிறார். அதைக் கேட்டால்தான் எனக்குப் பயம். காலையில் மேலே அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை நான் காபியைத் தொடுவதில்லை.