இண்டூரில் என் கண் போன கதை

புதிதாக ஒரு பெரிய வார்த்தையைக் கற்றுக்கொண்டவனைக் கொஞ்ச நாளைக்கு யாரோடும் பேச விடக் கூடாது. வாயைக் கட்டி வீட்டிலேயே உட்கார வைத்துவிடுவது ஊருக்கு நல்லது. என்னை அப்படி யாரும் உட்கார வைக்கவில்லை. வைத்திருந்தால் இண்டூரில் அந்தக் கூத்து நடந்திருக்காது.

தர்மபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். நான் பி.யூ.சி. முடித்துவிட்டு அதியமான்கோட்டையில் அப்பாவின் சோளக்காட்டில் (வேலை எதுவும் செய்யாமல்) நின்றுகொண்டிருந்தேன். மெட்ராசிலிருந்து தோல் வியாதி டாக்டரம்மா ஒருவர் வந்திருக்கிறார், படர்தாமரைக்கு எந்தக் களிம்பு நல்லது என்று ஊர் ஊராக ஆராய்ச்சி செய்யப்போகிறார், கூடமாட இருக்க ஒரு பையன் வேண்டுமாம் என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்லி அனுப்பினார். போய் நின்றேன். பெயரைக் கேட்டார். "ஆரோக்கியசாமிங்க" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்துவிட்டார். வேறு தகுதி எதுவும் என்னிடம் இருந்ததாக நினைவில்லை.

இண்டூரில் அந்த வருடம் படர்தாமரை இல்லாத வீடு குறைவு. நாளெல்லாம் சேற்றிலும் வேர்வையிலும் நிற்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் வட்டம் வட்டமாகப் படர்ந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருக்கும். பாதிப் பேருக்கு ஒன்றாம் நம்பர் டப்பா, மீதிப் பேருக்கு இரண்டாம் நம்பர் டப்பா. ஒன்றில் பழைய களிம்பு, இன்னொன்றில் புதிதாக வந்த களிம்பு. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. எது எதில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. மெட்ராசில் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நமக்குப் பிடிச்ச மருந்துக்கு நாமளே மார்க் போட்டுடுவோம், ஆரோக்கியம். அதனாலதான் ரெண்டு தரப்புக்கும் தெரியாம செய்யறது. டபுள் பிளைண்ட்னு பேர்" என்றார்.

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் மிதித்துக்கொண்டே அதைத் தமிழாக்கினேன். இண்டூர் போய்ச் சேர்வதற்குள் மொழிபெயர்ப்பு தயாராகிவிட்டது.

புளியமரத்தடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. டாக்டரம்மா கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு (முழங்காலைத் தாண்டித் தொங்கியது) ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். முனியம்மா அக்கா முன்னால் வந்தார். நிலம் நீச்சு உள்ள வீட்டுக்காரர். ஊர்ப் பெண்கள் அவர் பேசி முடித்த பிறகுதான் பேசுவார்கள்.

"தம்பி, இதுல எது நல்ல மருந்து? எங்க வூட்டுக்கு அதையே குடுத்துருங்க."

"அக்கா, இது சாதாரண வைத்தியம் இல்லைங்க. இரட்டைக் குருட்டு வைத்தியம்."

"என்னா வைத்தியம்?"

"இரட்டைக் குருடு. குடுக்கற நானும் குருடு, பூசற நீங்களும் குருடு. முடிவு வர்ற வரைக்கும் நாம எல்லாருமே குருடாத்தான் இருக்கணும்."

கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. கல்விக்கு ஊர் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டு, கோட்டை ஒரு முறை இழுத்துவிட்டுக்கொண்டேன். டப்பாக்களை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சில வாரம் கழித்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கும் நாள் வந்தது. அன்றைக்கு மெட்ராசிலிருந்து பெரிய டாக்டரும் வருவதாக இருந்தது. எங்கள் டாக்டரம்மாவுக்கு மேலதிகாரி. "இங்க வேலை ஒழுங்கா நடக்குதுன்னு அவர் பார்த்தாத்தான் நல்லம்பள்ளி பக்கமெல்லாம் மருந்து கிடைக்கும். இல்லன்னா இதோட மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆளுங்களை உட்கார வெச்சுரு" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நான் முன்னதாகவே சைக்கிளில் போய்விட்டேன்.

மரத்தடியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் டப்பாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பல டப்பாக்கள் திறக்கப்படவே இல்லை. ஆட்கள் எல்லாரும் எட்ட நின்றார்கள்.

"உங்க டப்பாவ நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிருங்க தம்பி" என்றார் முனியம்மா அக்கா. "அரிப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது. எங்களுக்குக் கண்ணு வேணும்."

"கண்ணா? கண்ணுக்கு என்னங்க?"

"நீதான சொன்ன, எல்லாரும் குருடாவணும்னு?"

துரைசாமி என்பவர் முன்னால் வந்தார். "எனக்கு எடது கண்ணு ஏற்கெனவே மங்கிப்போச்சு. பூச ஆரம்பிச்சதுலருந்துதான்." (அவருக்கு அது பல வருடமாகவே மங்கல் என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.) இன்னொருவர், பயந்துபோய்க் களிம்பு முழுவதையும் வண்டி அச்சுக்குப் போட்டுவிட்டதாகவும், வண்டி நன்றாக ஓடுவதாகவும் தெரிவித்தார்.

"அது அந்தக் குருடு இல்லைங்க" என்றேன்.

"அப்ப எந்தக் குருடு?"

ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஜீப் வந்துகொண்டிருக்கும். பெரிய டாக்டர் இறங்கி நாயைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

"சரி, நீ பூசிக் காட்டு" என்றார் முனியம்மா அக்கா. "உன் கண்ணு நல்லா இருந்துச்சுன்னா நாங்களும் பூசிக்கறோம்."

நியாயமான பேச்சு. முழங்கையில் கொஞ்சம் தடவிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அந்த வயதில் கொஞ்சம் என்பது தெரியாது. ஒரு டப்பாவைத் திறந்து கை நிறைய அள்ளி, நெற்றி, புருவம், கன்னம் என்று கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல அப்பிக்கொண்டேன். முகத்தில் மட்டும் படக் கூடாது என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லி, நான் ஊருக்குச் சொன்ன களிம்பு அது.

உச்சி வெயில். களிம்பு உருகி வேர்வையோடு இறங்கியது. கண்ணுக்குள் மிளகாயைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது.

"எரியுதா தம்பி?"

"இல்லைங்க" என்றேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. கண்ணீர் தாடையில் சொட்டியது.

"எங்க, கண்ணத் தொற பாப்போம்."

"தொறக்கறேங்க. கொஞ்சம் பொறுங்க."

"கண்ணு பூடுச்சு" என்றார் துரைசாமி.

யாரோ ஒரு அம்மாள் "யாரு பெத்த புள்ளையோ" என்று ஒப்பாரிக்குத் தொண்டையைச் சரிசெய்தார். கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது நினைவுக்கு வந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு அந்தத் திசையில் நடந்தேன். ஜீப் சத்தம் கேட்டது, நின்றது. இன்னும் நான்கு எட்டு வைத்ததும் கையில் ஒரு ஆள் தட்டுப்பட்டார். துரைசாமிதான் என்று நினைத்து, "ஐயா, என்னத் தண்ணிகிட்டக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று அவர் தோளில் முகத்தைச் சாய்த்துத் துடைத்துக்கொண்டேன். துரைசாமி சட்டை போடுவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாரும்மா இது?" என்று தலைக்கு மேலே ஒரு கனத்த குரல் கேட்டது.

பிறகு டாக்டரம்மாவின் குரல்: "நம்ம அசிஸ்டென்ட், சார்."

முனியம்மா அக்காதான் என்னைப் பிடித்து இழுத்துப்போய்க் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார். எரிச்சல் அடங்கிக் கண்ணைத் திறந்தேன். அக்கா எனக்கு எதிரே நின்றார்.

"என் சேல என்னா கலரு? சொல்லு."

ஊரே நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது. "பச்சைங்க" என்றேன்.

பெண்களிடையே ஒரு முனகல். "மயில்கழுத்துக் கலரு தம்பி. இதுகூடவா தெரியல?" என்று ஒருவர் கண்கலங்கினார்.

"எனக்கும் பச்சையாத்தான் தெரியுது" என்றார் துரைசாமி.

"உனக்குத்தான் பூடுச்சே" என்று அவர் வாயை அடைத்தார்கள்.

பெரிய டாக்டரும் சேலையைப் பார்த்துவிட்டு, "பச்சைதானே?" என்றார். களிம்பு அப்பியிருந்த அவருடைய கோட்டை எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நின்றிருந்தவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள்.

நான் ஊருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று டாக்டரம்மா விசாரித்தார். கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு எழுந்து தன் கையில் களிம்பைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஒரு டப்பால பழைய மருந்து, ஒண்ணுல புது மருந்து. எது எதுன்னு எங்களுக்கும் தெரியாதுங்க. தெரியாம இருந்தாத்தான் யார் பக்கமும் சாயாம உண்மையைச் சொல்ல முடியும். கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இவ்வளவுதானா" என்றார் முனியம்மா அக்கா. என் பக்கம் திரும்பினார். "இத இப்பிடியே சொல்றதுக்கு என்னா தம்பி? எதுக்கு ஊரையே குருடாக்குன?"

அவர் தன் டப்பாவை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஆராய்ச்சி பிழைத்தது. நல்லம்பள்ளிக்கும் போனது. பெரிய டாக்டர் ஜீப்பில் ஏறும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "இந்தப் பையன் டப்பா மட்டும் குடுக்கட்டும். பேச வேண்டாம்."

பேசவில்லை. பல மாதம் கழித்து மெட்ராசில் கணக்குப் பார்த்தபோது, விலை குறைந்த பழைய களிம்பும் புதிதுக்குச் சமமாகவே குணப்படுத்தியிருந்தது. இண்டூரில் வட்டங்கள் மறைந்தன. முனியம்மா அக்கா டாக்டரம்மாவுக்கு ஒரு பை அவரைக்காய் கொடுத்தனுப்பினார். எனக்குப் பொன்னாங்கண்ணிக் கீரை. கண்ணுக்கு நல்லதாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பெண் பார்க்க நல்லம்பள்ளிக்குப் போனபோது, பெண்ணின் அப்பா காப்பி குடித்து முடித்ததும் என்னை வெளியே அழைத்தார். "தூரத்துல அந்தக் கரட்டுக் குன்று மேல தெரியுதே, அது ஆடா மாடா சொல்லுங்க" என்றார். உற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஆடுங்க" என்றேன். "சரி" என்று தலையாட்டிச் சம்மதம் சொல்லிவிட்டார். அது பாறை என்றும், தன் அப்பாவுக்கு அந்தத் தூரம் எட்டாது என்றும் கல்யாணத்துக்குப் பிறகுதான் லூர்துமேரி சொன்னாள்.

போன வருடம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். கண் டாக்டர், சின்ன வயதுக்காரர், "பார்வை எப்போலருந்து சரியில்லை ஐயா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரி முந்திக்கொண்டாள்.

"எங்க கல்யாணத்துக்கு முன்னாடியேங்க. இண்டூர்ல பூடுச்சு."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.